லினாக் இல்லாத ஊரில் புற்றுநோய் மருத்துவருக்கு என்ன வேலை?

"கதிர்வீச்சு சிகிச்சையில் எம்.டி. முடிக்கப் போகிறேன். ஆப்பிரிக்காவிலோ ஆசியாவின் ஏழை நாடு ஒன்றிலோ வேலை செய்ய ஆசை. ஆனால் நான் படித்ததெல்லாம் லினாக் (மின்சாரத்தில் இயங்கும் கதிர்வீச்சுக் கருவி), பெட் ஸ்கேன், விலையுயர்ந்த மருந்துகளை நம்பியது. அவை இல்லாத இடத்தில் என்னால் என்ன பயன்? அதையே வாழ்நாள் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கருவி இல்லாத இடத்தில் நம் படிப்பு செல்லுமா என்பது ஒன்று. அப்படி உழைத்தால் நோயாளிகள் உண்மையிலேயே பிழைப்பார்களா, அல்லது நம் மன ஆறுதலுக்கு மட்டும்தானா என்பது மற்றொன்று. நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத இந்த இரண்டாவதுதான் முக்கியமானது.

படிப்பு செல்லும், நோயாளிகளும் பிழைப்பார்கள். ஆனால் வேலையின் தன்மை மாறிவிடும். வசதியான மருத்துவமனையில் நோயாளி உங்கள் முன் வந்து உட்காரும்போதே பயாப்சி (சதைத் துணுக்குப் பரிசோதனை) அறிக்கை, ஸ்கேன், காப்பீட்டு அட்டை எல்லாம் கூடவே வந்துவிடும். எந்தச் சிகிச்சை என்று முடிவெடுப்பதுதான் உங்கள் வேலை. ஏழை நாட்டில் அந்த முடிவு பெரும்பாலும் கடினமில்லை, ஏனென்றால் தேர்வுகளே குறைவு. கட்டியைக் கவனித்த நாள் முதல் கடைசி மருந்து முடியும் நாள் வரைக்கும் உள்ள வழியில் நோயாளி எங்கெல்லாம் நழுவிப்போகிறாரோ, அங்கெல்லாம் போய் அடைப்பதுதான் அங்கே முதல் வேலை. அதைத் தெரிந்து செய்ய ஒரு புற்றுநோய் மருத்துவர் வேண்டும். சுகாதாரத் துறை அதிகாரி மட்டும் போதாது.

இப்படியே ஒரு வாழ்நாளை அமைத்துக்கொண்டவர் ஆர். சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் உங்களைப் போலவே கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவராக இருந்தவர், 1990-களில் பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமைக்குப் போனார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையைக் கிராமத்தில் நடத்த ஆய்வகமும் சைட்டாலஜி (செல்களை ஆராய்வது) படித்தவரும் வேண்டும், முடிவு வரும்வரை அந்தப் பெண் திரும்பி வரக் காத்திருக்கவும் வேண்டும். இவை மூன்றுமே கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வியைத்தான் அவரும் கூட்டாளிகளும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கான பெரிய சோதனைகளில் ஒன்று 2000-இல் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ சமூக நல மருத்துவமனையோடு சேர்ந்து தொடங்கியது.

அங்கே நடந்தது இதுதான். 30 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களின் கர்ப்பப்பை வாயில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது அன்றன்று கலந்த வினிகரை, பஞ்சால் தடவி ஒரு நிமிடம் விட்டு நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது. செதிள் செல் பரப்பும் தூண் செல் பரப்பும் சேரும் விளிம்பை ஒட்டி, ஓரம் தெளிவாகத் தெரியும் அடர்ந்த வெண்திட்டு இருந்தால் சந்தேகத்துக்குரியது. மூன்று வாரப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இதைச் செய்தார்கள். திட்டு இருந்தவர்களுக்கு அதே வருகையில் கால்போஸ்கோப் (உருப்பெருக்கிப் பார்க்கும் கருவி) பரிசோதனை, பயாப்சி, பொருத்தமானவர்களுக்கு உறைய வைக்கும் கிரையோ சிகிச்சை. ஒரே ஒரு முறை பார்த்ததற்கே, ஏழு ஆண்டுகளில் ஒப்பீட்டுக் குழுவைவிட நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. 2007-இல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. அழைக்கப்பட்ட பெண்களில் ஏறத்தாழ 63 சதவீதம் பேர்தான் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

ஆனால் இந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விடாதீர்கள். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், இன்றைய தாராசிவில், 1,31,746 பெண்களை வைத்து இதே குழுவினர் நடத்திய இன்னொரு சோதனையில் எச்.பி.வி. பரிசோதனை (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) ஒரே முறையில் இறப்பை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. வினிகர் முறையிலோ குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. ஒரே வழிமுறை ஓரிடத்தில் பலித்து இன்னோரிடத்தில் பலிக்காததற்கான காரணம் இன்னும் தீரவில்லை. பார்ப்பவரின் திறமை, மறுபயிற்சி, திட்டு இருந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை போய்ச் சேர்ந்தது ஆகியவற்றில்தான் விடை இருக்கிறது என்பது என் கருத்து. ஒப்பீட்டுக் குழுவில் பரிசோதனையே இல்லாமல் பெண்களை விட்டது சரியா என்ற விவாதமும் உண்டு. அது நியாயமான விவாதம், இந்தத் துறைக்கு வருபவர் அதை முழுதாகப் படித்துவிட்டு வர வேண்டும். உறுதியாகச் சொல்லக்கூடியது: வசதி இருந்தால் எச்.பி.வி. பரிசோதனையே முதல் தேர்வு. உலக சுகாதார நிறுவனம் 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை என்றும், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை என்றும் சொல்கிறது. தென்னாப்பிரிக்கா, மலாவி, ஜாம்பியா போன்ற நாடுகளில் இந்த இரண்டாவது வரிதான் உங்கள் அன்றாடம்.

களத்தில் இது எங்கே உடைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிரையோவுக்குக் கார்பன் டை ஆக்சைடு அல்லது நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் வேண்டும். மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம். சிலிண்டரில் அழுத்தம் குறைந்தால் பனிக்கட்டி முழுதாகப் படராது, சிகிச்சை அரைகுறையாக முடியும். காலி சிலிண்டரை நிரப்பத் தலைநகருக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும், அதுவரை "அடுத்த மாதம் வாங்க" என்று சொல்லி அனுப்பிய பெண் வரவே மாட்டார். இதனால்தான் பேட்டரியில் ஓடும் வெப்பச் சிகிச்சைக் கருவி இப்போது பரவியிருக்கிறது. 100 டிகிரி செல்சியஸில் 20 முதல் 30 விநாடி, வாயு வேண்டாம். ஆனால் எந்தக் கருவியானாலும், திட்டு முழுதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கர்ப்பப்பை வாயின் முக்கால் பங்குக்கு மேல் பரவியிருக்கக் கூடாது, புற்றுநோய் என்ற சந்தேகம் துளியும் இருக்கக் கூடாது. தொட்டால் ரத்தம் கசியும், மேடுபள்ளமான ஒரு புண்ணை "திட்டு" என்று நினைத்து மேலே மட்டும் சுட்டு அனுப்பிவிட்டால், உள்ளே நோய் வளரும், அவரும் குணமாகிவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பார். 50 வயதைத் தாண்டிய பலருக்கு, இரண்டு செல் பரப்புகளும் சேரும் அந்த விளிம்பே உள்ளே போய்விடுவதால் வினிகர் முறை நம்பத்தக்கதல்ல. நர்ஸுக்கு இந்த எல்லைகளைக் கற்றுக்கொடுப்பதும், மாதம் ஒருமுறை படங்களை உட்கார்ந்து மறுபடி பார்ப்பதும் உங்கள் வேலை.

அடுத்து யாரும் கவனிக்காத ஓர் இடம், எடுத்த சதையை ஆய்வகத்தில் பரிசோதிக்கும் பேத்தாலஜி. புற்றுநோய் மருத்துவர் தலையிட்டால் செலவே இல்லாமல் பெரிய பலன் கிடைக்கும் இடம் இதுதான் என்பேன். மாவட்ட மருத்துவமனையில் மார்பகத்தை எடுத்த சர்ஜன், அந்தச் சதையை ஒரு சின்ன பாட்டிலில் திணித்து, மேலே சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலினைக் கொஞ்சம் ஊற்றி, பேருந்தில் அனுப்புவார். ஃபார்மலின் வெளியிலிருந்து மெதுவாகத்தான் ஊறும். நடுவில் இருக்கும் கட்டி அழுகத் தொடங்கியிருக்கும். சில இடங்களில் கடையில் வரும் அடர்த்தியான ஃபார்மலினை நீர் சேர்க்காமல் ஊற்றுவார்கள், சில இடங்களில் சலைன். செய்ய வேண்டியது: அடர் ஃபார்மலின் ஒரு பங்குக்குத் தாங்கல் உப்பு (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்பு) கரைத்த நீர் ஒன்பது பங்கு, சதையின் அளவைப்போல் பத்து மடங்கு திரவம், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போடுவது, பெரிய சதையானால் சென்டிமீட்டர் கனத்தில் கீறிவிடுவது, பாட்டிலின் மேல் எடுத்த நேரத்தையும் போட்ட நேரத்தையும் எழுதுவது. ஊறவேண்டியது 6 முதல் 72 மணி நேரம். மூடியில் மட்டும் பெயர் எழுதினால் மூடிகள் மாறும், பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? சரியாக ஊறாத சதையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஹார்மோன் மருந்து வேலை செய்யுமா என்று காட்டும் புரதம்) இருந்தும் "இல்லை" என்று அறிக்கை வரும். அந்த ஒரு சொல்லால், தினமும் 20 மில்லிகிராம் என்று ஐந்து ஆண்டு சாப்பிட வேண்டிய டமாக்சிஃபென், இருப்பதிலேயே மலிவான, உயிர் காக்கும் மாத்திரை, அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போகும். ஆப்பிரிக்கப் பெண்களின் மார்பகப் புற்றுநோயில் ஏற்பி இல்லாத வகை அதிகம் என்று சொல்லும் ஆய்வுகளில் எவ்வளவு உண்மையான உயிரியல் வேறுபாடு, எவ்வளவு ஃபார்மலின் கோளாறு என்பது இன்னும் பிரிக்கப்படாத கணக்கு. இரண்டுமே உண்டு, ஆனால் பாட்டிலைச் சரிசெய்யாமல் அந்த விவாதத்தில் இறங்குவதில் பயனில்லை.

கீமோவுக்கு, அதாவது மருந்துச் சிகிச்சைக்கு வருவோம். நான் கதிர்வீச்சுப் பக்கத்து ஆள். ரத்தப் புற்றுநோய் பற்றிச் சொல்வதை அந்தத் துறையினரிடமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், இதை வைத்து டோஸ் எழுத வேண்டாம். குழந்தைகளின் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவில் ஐந்தில் ஒரு குழந்தைதான் பிழைத்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத், சென்னை அடையாறு, மும்பை, டெல்லி மருத்துவமனைகளோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தை மூன்று இடத்திலும் நடத்தினார். அடையாறு மையத்தில் இதில் பங்கேற்ற மருத்துவர் வி. சாந்தா. பிழைப்பு விகிதம் பாதியை ஒட்டி உயர்ந்தது. அந்தத் திட்டத்தில் புதிய அதிசய மருந்து எதுவும் இல்லை. அன்றைய இந்திய வார்டு தாங்கக்கூடிய தீவிரத்தில் வகுக்கப்பட்டிருந்தது, எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி கொடுக்கப்பட்டது, எழுதி வைக்கப்பட்டது. மக்ராத் அதற்கு முன் உகாண்டாவில் வேலை பார்த்தவர் என்பது தற்செயல் அல்ல.

மேலைநாட்டுத் திட்டத்தை அப்படியே இறக்கினால் என்ன ஆகும்? வெள்ளையணு சரிந்து காய்ச்சல் வரும். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் போக வேண்டும். இரவில் டூட்டி டாக்டர் இல்லை, ரத்த வங்கியில் தட்டணு இல்லை, குழந்தை புற்றுநோயால் அல்லாமல் சிகிச்சையால் இறக்கும். மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தை அதிக அளவு கொடுத்துவிட்டு ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வழியில்லை என்றால் அதைத் தொடவே கூடாது. குழந்தைகளுக்கு வரும் பர்கிட் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். ஐரிஷ் சர்ஜன் டெனிஸ் பர்கிட் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் தாடை வீங்கிய குழந்தைகளைப் பார்த்து 1958-இல் விவரித்த கட்டி இது. ஓரிரு நாளில் இருமடங்காகும். சைக்ளோபாஸ்பமைடு என்ற மலிவான ஒரே மருந்துக்கே கரையும். மலாவியில் 28 நாளில் முடியும் எளிய திட்டத்திலேயே ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் ஓராண்டு நோயின்றி இருந்தார்கள். ஆனால் கட்டி வேகமாகக் கரைந்தால் யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறி, சிறுநீரகம் நின்று, இதயம் நிற்கும். மருந்துக்கு முந்தைய நாளே ட்ரிப்ஸும், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபூரினாலும் தொடங்கி, சிறுநீரை அளந்து எழுத ஒரு நர்ஸ் வேண்டும். மருந்துப் பெட்டி வருவதற்கு முன் அந்த நர்ஸ் வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பல இடங்களில் இதைவிட அதிகம் பேரைக் கொண்டுபோவது, சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டரை ஆண்டு. முதல் சில மாதம் கடினமானது, பிறகு பெரும்பாலும் வீட்டில் சாப்பிடும் மாத்திரைதான். குழந்தை நன்றாக விளையாடும். "சரியாகிவிட்டதே, இனி எதற்கு இவ்வளவு தூரம்" என்று தோன்றும். பேருந்துக் கட்டணம், தாயின் கூலி இழப்பு, வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அழுத்தும். தங்குமிடம், பயணப்படி, தேதி தவறிய மறுநாளே போன் செய்ய ஓர் ஆள் ஆகிய மூன்றும் இதைக் குறைக்கும். நான்கு வாரத்துக்கு மேல் வராவிட்டால் கைவிட்டதாகக் கணக்கு, ஆனால் நான்கு வாரம் காத்திருந்துவிட்டுத் தேடினால் தாமதம். கணக்கிலும் ஏமாறாதீர்கள். 100 குழந்தைகளில் 35 உயிரோடு, 35 இறப்பு, 30 தொடர்பில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனவர்களை நீக்கிவிட்டால் பிழைப்பு 50 சதவீதம். அவர்கள் இறந்ததாக எடுத்தால் 35. தொடர்பற்றுப் போனவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை, ஆகவே உண்மை 35-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஏழை நாட்டு மருத்துவமனை அறிக்கையில் ஓர் அழகான எண்ணைப் பார்த்தால் முதலில் இந்த முப்பது பேரைத் தேடுங்கள்.

இப்போது உங்கள் சொந்தத் துறை, நம்மூர் நோயாளிகள் "கரண்ட் வைப்பது" என்று சொல்லும் கதிர்வீச்சு. உகாண்டாவில் 1995-இல் நிறுவிய ஒரே கோபால்ட் மெஷின் (கதிரியக்கக் கோபால்ட்டை வைத்துச் சிகிச்சை தரும் கருவி) 2016-இல் பழுதுபார்க்க முடியாதபடி நின்றது. புதிய கருவியில் சிகிச்சை தொடங்க ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆனது, அதுவரை நாடே கதிர்வீச்சு இல்லாமல் இருந்தது. கோபால்ட்-60-இன் அரைவாழ்வு 5.27 ஆண்டு, மாதம் ஏறத்தாழ ஒரு சதவீதம் வலு குறையும். ஐந்து ஆண்டு கடந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்த சிகிச்சைக்கு நான்கு நிமிடம், வரிசை இருமடங்கு. ஆக மூலத்தை, அதாவது உள்ளே இருக்கும் கோபால்ட்டை, மாற்றும் செலவை வாங்கும் நாளிலேயே ஒதுக்க வேண்டும். லினாக் நல்ல கருவிதான், ஆனால் மின்சாரம் நிலையாக வேண்டும், குளிர்நீர் வேண்டும், பொறியாளர் அருகில் வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் நன்கொடையாக வரும் லினாக்கை நான் ஏற்கமாட்டேன். கோபால்ட்டா லினாக்கா என்பதில் நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை. மின்சாரமும் பொறியாளரும் உறுதியில்லாத இடத்தில் முதல் கருவி கோபால்ட்டாக இருக்கட்டும் என்பது என் முடிவு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கதிர்வீச்சால் குணமாக்க உள்கதிர்வீச்சு, அதாவது கதிரியக்க மூலத்தைக் கட்டிக்கு அருகே உடலுக்குள் வைப்பது, அவசியம். அதன் இரிடியம் மூலத்துக்கு அரைவாழ்வு 74 நாள்தான், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இறக்குமதி. ஒரு முறை சுங்கத்தில் மாட்டினால் அத்தனை பெண்களின் சிகிச்சையும் இழுபடும். அங்கேயும் கோபால்ட் மூலம் உள்ள கருவி கிடைக்கிறது, சில ஆண்டு தாங்கும். புற்றுநோய் பரவியதால் வரும் எலும்பு வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) ஒரே தவணை போதும் என்பது நன்றாக நிறுவப்பட்டது. பத்து நாள் மருத்துவமனை வாசலில் படுக்க வைக்காதீர்கள்.

வலியைப் பற்றிச் சுருக்கமாக. உகாண்டாவில் 1993-இல் ஆன் மெரிமன் தொடங்கிய ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா என்ற வலி தணிப்பு அமைப்பு, மார்ஃபின் பொடியை நீரில் கரைத்து, வலுவைப் பொறுத்து வேறு நிறம் சேர்த்து, வாய்வழி மருந்தாகக் கொடுத்தது. 2004 முதல் தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ்களும் அங்கே அதை எழுதலாம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, முதல் நாளிலிருந்தே மலமிளக்கியோடு. இந்த ஏற்பாடு இல்லாத ஊரில் போய் இறங்கினால் கீமோவுக்கு முன் இதைத்தான் தொடங்குவேன்.

தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா என்றால், முடிந்தவர்கள் ஓரிடத்தில் நீண்ட நாள் இருந்தவர்கள். சாந்தா 1955-இல் சேர்ந்தபோது அடையாறு மையம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது, 12 படுக்கை. 2021-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். உகாண்டா புற்றுநோய் நிறுவனத்தை 2004 முதல் நடத்திய ஜாக்சன் ஓரெம், வெளிநாட்டுக் கூட்டாளியிடம் கருவிக்கு முன் தன் மருத்துவர்களுக்குப் பயிற்சியைக் கேட்டு வாங்கினார். இரண்டு வாரப் பயணமாகப் போய் அறுவை செய்துவிட்டு வருவதால் பெரிய பலன் விளைந்ததாக நல்ல சான்று இல்லை. வாராவாரம் ஒரே குழுவோடு ஸ்லைடையும் கேஸையும் இணையவழியில் பார்ப்பது பலன் தருகிறது. ருவாண்டாவின் புட்டாரோ மருத்துவமனையில் 2012 முதல் பொது மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்களும் பாஸ்டன் நிபுணர்களின் தொலைபேசி ஆலோசனையோடு கீமோ கொடுத்திருக்கிறார்கள்.

எம்.டி. முடிவதற்குள் சில விஷயங்களைக் கைவசப்படுத்துங்கள். எக்ஸ்ரே சிமுலேட்டரில் இரண்டு பரிமாணத் திட்டமிடல், சிகிச்சை நேரத்தைக் கையால் கணக்கிடுவது, உள்கதிர்வீச்சு, அடிப்படைக் கீமோ. ஆங்கிலம் வழங்கும் பல ஆப்பிரிக்க நாடுகளிலும் இலங்கையிலும் கதிர்வீச்சையும் கீமோவையும் ஒரே மருத்துவரே கொடுப்பதால் கீமோ தெரியாது என்று ஒதுங்க முடியாது. லியோன் முகமையின் கோடைப் பள்ளியும், பன்னாட்டு அணுசக்தி முகமையின் பயிற்சி உதவித்தொகையும் விசாரிக்கத் தக்கவை. அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலின் பதிவுக்கு மாதக்கணக்கில் ஆகலாம், வேலை உத்தரவுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். சம்பளம் நம்மூர் தனியார் மருத்துவமனையைவிடக் குறைவாக இருக்கலாம். வீட்டில் இதைப் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

போய்ச் சேர்ந்ததும் கருவிப் பட்டியல் எழுத உட்காராதீர்கள். பழைய ரிஜிஸ்டரிலிருந்து கடைசியாக வந்த ஐம்பது மார்பகப் புற்றுநோய் நோயாளிகளின் கோப்புகளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஐந்து தேதி எழுதுங்கள்: கட்டியைக் கவனித்தது, முதலில் மருத்துவரைப் பார்த்தது, பயாப்சி முடிவு வந்தது, சிகிச்சை தொடங்கியது, முடிந்தது. முதல் வருகையிலிருந்து நோய் உறுதியாக 60 நாளுக்கு மேல் ஆகக் கூடாது, 80 சதவீதம் பேர் சிகிச்சையை முடிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். எந்த இரண்டு தேதிக்கு நடுவில் இடைவெளி மிகப் பெரிது, எந்தக் கட்டத்தில் தேதியே இல்லாமல் போகிறது என்று பாருங்கள். கோப்பே கிடைக்காதவர்களையும் வெற்று வரியாக எழுதி வையுங்கள். ஒரு நோட்டும் இரண்டு வாரமும் போதும். முதலாண்டின் வேலைத் திட்டத்தை அதிலிருந்து எழுதலாம்.